அறுபத்தேழு வயதுக்காரனை எவர் கேட்டார்?

உப்புக் காற்றையும் உள்ளத்து அன்பையும் ஒருசேரச் சுமந்து வந்து இந்தப் பந்தலின் கீழ் அமர்ந்திருக்கும் பெருமக்களே! தலைமைக் கதிரையை அலங்கரிக்கும் மதுரங்குளியின் மாண்புமிகு வணிகர், எங்கள் கருவாட்டுக்கு நாற்பது வருடமாக நியாயவிலையும் சில வேளைகளில் அநியாயவிலையும் சொல்லிவரும் ஹாசிம் ஹாஜியார் அவர்களே! ஞாயிறுதோறும் பிரசங்க வேளையில் என் குறட்டையைப் பொறுத்தருளும் பங்குத் தந்தை அவர்களே! கூட்டுறவுச் சங்கத்தின் நிருவாகிகளே! சென்ற வருடம் என் பேச்சின் பன்னிரண்டாவது நிமிடத்தில் ஒலிவாங்கியை அணைத்த கை எந்தக் கை என்று எனக்குத் தெரியும். இருந்தும் அந்தக் கைக்கும் என் வணக்கம்! வலை இழுத்து இழுத்துத் தோள் பழுத்த தொழிலாளத் தோழர்களே! கரைத்தீவிலிருந்து கடல்நீர்க் களப்பைக் கடந்து வந்திருக்கும் சகோதரர்களே, உங்களுக்கு என் ஸலாம்! பெண்கள் பக்கத்தைப் பெருங்கடலாக நிறைத்திருக்கும் தாய்மாரே! அந்தப் பெருங்கடலின் மூன்றாம் வரிசையில், ஓரத்துக் கதிரையில், முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டு வீற்றிருக்கும் அனஸ்தாசியா அவர்களே! எல்லோருக்கும் இந்தச் சூசைப்பிள்ளையின் வணக்கம்.

ஏன் சிரிக்கிறீர்கள்? ஒருவரைத் தனியாகப் பெயர் சொல்லி விளித்தது பிழையா? தலைவரைத் தனியாக விளித்தேன், சிரித்தீர்களா? தந்தையைத் தனியாக விளித்தேன், சிரித்தீர்களா? மூன்றாம் வரிசை என்றதும் மட்டும் ஏன் இந்த முழக்கம்?

சரி, சிரியுங்கள். இன்று நான் சிரிப்பைக் கண்டு பின்வாங்க வரவில்லை.

பருவம் முடியும் இந்த ஒன்றுகூடலில் பேசும்படி சங்கத்து இளைஞர்கள் எனக்கு ஒரு தலைப்புத் தந்தார்கள்: "மனிதரிடையே கவர்ச்சி எப்படிப் பிறக்கிறது? உளவியல் என்ன சொல்கிறது?" கேலிக்குத்தான் தந்தார்கள். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன், அகராதியை ஒரு கையிலும் ஆங்கிலப் புத்தகத்தை மறு கையிலும் வைத்துக்கொண்டு உளவியல் வாசிக்கிறான் என்றால் ஊர் சும்மா விடுமா? "டொக்டர் சூசை" என்று பெயர் வைத்தார்கள். அவர்கள் கேலிக்குத் தந்த தலைப்பை நான் காரியத்துக்கு எடுத்துக்கொண்டேன். என்ன காரியம் என்பதையும் ஒளிக்கப் போவதில்லை.

நாளைக் காலை ஏழு மணிக்கு லொறி வருகிறது. தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று கிளம்புமுன் சிலாபப் பக்கத்து மக்கள் கரையில் போட்ட ஓலை வாடிகளைப் பிரித்து, தட்டுமுட்டுச் சாமான்களை ஏற்றிக்கொண்டு தங்கள் ஊருக்குத் திரும்புகிறார்கள். அந்த லொறியில் அனஸ்தாசியாவும் போகிறார். சென்ற மாதம் நான் அவரிடம் கிணற்றடியில் வைத்து, மெல்லிய குரலில், என்னைக் கலியாணம் செய்துகொள்ளச் சம்மதமா என்று கேட்டேன். அவர் வாளியைக் கீழே வைத்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஒளிச்சுக் கேக்கிறதுக்கு நான் என்ன கள்ளச் சாமானா? சனத்துக்கு முன்னால கேளுங்க. அப்ப சொல்றன்" என்றார்.

சபையோரே, இதோ சனம்! இதோ நான்! இந்தப் பேச்சு முடிவதற்குள் எனக்கு ஒரு பதில் வேண்டும். அவ்வளவுதான் இன்றைய நிகழ்ச்சி.

என்ன தம்பி டிலக்‌ஷன்? "அப்ப நேராக் கேட்டுட்டு இறங்குங்களேன் ஐயா" என்கிறாயா? பொறு மகனே. ஆதாரம் இல்லாமல் வழக்காடுகிறவன் நான் இல்லை. எதிர்த்தரப்பு சாதாரண ஆள் இல்லை. நான் சொல்வது ஒவ்வொன்றையும் மூன்றாம் வரிசை நிறுத்துப் பார்க்கும்.

முதலில் என் மனக்குறையைச் சொல்லிவிடுகிறேன். கவர்ச்சியைப் பற்றி அறிஞர்கள் ஆயிரம் ஆராய்ச்சி செய்திருக்கிறார்கள். வாசித்தேன், வியந்தேன், வரிவரியாகக் கொப்பியில் எழுதினேன். பிறகு ஒரு நாள் கவனித்தேன்: யாரைக் கேட்டு இதையெல்லாம் எழுதியிருக்கிறார்கள்? பெரும்பாலும் பல்கலைக்கழக மாணவர்களை! பத்தொன்பது வயது, இருபது வயது, மிஞ்சிப்போனால் இருபத்திரண்டு! அந்த வயதில் காற்றடித்தாலே காதல் வரும்; அதைக் கண்டுபிடிக்க ஓர் ஆராய்ச்சி வேண்டுமா? அறுபத்தேழு வயதுக்காரனை எவர் கேட்டார்? முழங்கால் வலியோடு ஒருத்தியின் குரலுக்காகக் காது கொடுத்து நிற்கிறவனை எவர் கேட்டார்? பேரப்பிள்ளை கண்ட பிறகும் கண்ணாடி முன் நின்று தலைவாருகிறவனை எவர் கேட்டார்? ஒருவரும் கேட்கவில்லை! ஆகையால் கேளாமலே சொல்லவந்திருக்கிறேன்.

அறிஞர்கள் சொல்லும் முதல் விதி, அண்மை. பக்கத்தில் இருப்பவர்மீது பற்று வரும் என்கிறார்கள். ஒரு மாணவர் குடியிருப்பில் எண்ணிப் பார்த்தார்களாம். எவருடைய வாசல் எவருடைய வாசலுக்கு அருகில் இருந்ததோ அவர்கள்தான் அதிகம் நண்பர்களானார்களாம்.

எங்கள் கரையில் இதற்கு ஆராய்ச்சி வேண்டாம். கரைவலை இழுப்பதைப் பாருங்கள். வலை கடலில் கிடக்கும்போது ஒரு கூட்டம் அந்தத் தொங்கலில் கயிறு பிடிக்கிறது, மறு கூட்டம் இந்தத் தொங்கலில் கயிறு பிடிக்கிறது. நடுவில் கூப்பிட்டால் கேட்காத தூரம். இழுக்க இழுக்க, வலை நெருங்க நெருங்க, இரண்டு கூட்டமும் ஓர் அடி, இரண்டு அடி என்று ஒன்றையொன்று நோக்கி நகர்கின்றன. மீன் சேர்ந்த வலைமடி கரையேறும்போது தோளோடு தோள்! எவரும் "உன்னிடம் வருகிறேன்" என்று சொல்லி நகரவில்லை. வேலை நகர்த்தியது. மனிதர் நெருங்குவதும் அப்படித்தான் என்று நான் அடித்துச் சொல்கிறேன்.

ஆனால் அண்மை மட்டும் போதுமா? போதாது! முப்பது வருடமாக அருளப்புவின் வாடி என் வாடிக்குப் பக்கத்தில். என்ன அருளப்பு, தலையாட்டுகிறீர்கள்? முப்பது வருடமாக உங்கள்மேல் எனக்கு வந்திருப்பது பற்றா? எரிச்சல்! கலப்படமில்லாத எரிச்சல்! அண்மை பகையையும் வளர்க்கும் என்று அதே அறிஞர்கள் வேறோர் இடத்தில் எழுதியிருக்கிறார்கள். அந்த இடத்தை வாசித்தபோது அருளப்புவின் படத்தை அங்கே ஒட்டலாம் போலிருந்தது.

யுத்தம் முடிந்த அந்த ஆண்டு ஐப்பசியில், அருளப்புவின் மற்றப் பக்கத்து நிலத்தைப் பிடிக்காமல் என் மற்றப் பக்கத்து நிலத்தைப் பிடித்தார் அனஸ்தாசியா. கருவாடு காயப்போடத் தட்டிகள் கட்டினார். என்னோடு பேசிய முதல் வார்த்தை என்ன தெரியுமா? பூவா? தேனா? "அண்ணன், உங்கட நாயைக் கட்டுங்க. இல்லாட்டி நான் கட்டுவன், பிறகு அவிழ்க்கமாட்டன்."

இரண்டாவது விதி, பழக்கம். ஒரு முகத்தைத் திரும்பத் திரும்பக் காட்டினால், காரணமே இல்லாமல் மனம் அந்த முகத்தை விரும்பத் தொடங்குகிறதாம். முகம் மட்டுமா? குரலும்தான்! விடியற்காலையில் அவர் காகம் விரட்டுவார். சாதாரணமாகவா விரட்டுவார்? காகத்தின் பெற்றோர், பிறந்த இடம், எதிர்காலம் எல்லாவற்றையும் எடுத்துச் சொல்லி விரட்டுவார். கோபம் முற்றினால் சிங்களத்துக்கு மாறுவார். முதற்பருவத்தில் அந்தக் குரலுக்குக் காதைப் பொத்தினேன். இரண்டாம் பருவத்தில் அந்தக் குரலுக்கு எழும்பினேன். மூன்றாம் பருவத்தில் அந்தக் குரலுக்கு முன்னமே எழும்பிப் பாயில் உட்கார்ந்து காத்திருந்தேன். இதற்குப் பெயர் என்ன? காகத்துக்குத் தெரியும், எனக்குத் தெரியவில்லை.

பிறகு சோளகம் வந்தது. லொறி வந்தது. அவர் போனார். ஆறு மாதம் கரையில் ஒரு சத்தம் இல்லை. காகங்கள் கூட அலுப்போடு உட்கார்ந்திருந்தன. இங்கேதான் அண்மைக்காரர்களை நான் மடக்குகிறேன். பக்கத்தில் இருந்தால் வளருகிற பற்று, தூரம் போனால் தேய வேண்டுமல்லவா? ஏழு வருடத்தில் ஆறு முறை அவர் போனார். ஆறு முறையும் அது தேயவில்லை. ஏன்? பதில் சொல்ல எந்த அறிஞர் இந்தக் கரைக்கு வந்தார்?

என்ன தாயே? "அவவுக்கு உங்கட நினைப்பு இருந்துதா எண்டு சொல்லுங்க" என்கிறீர்களா? அப்படிக் கேளுங்கள்! அதுதான் அடுத்த விதி. நம்மை விரும்புகிறவரை நாம் விரும்புகிறோம். கைமாறாக வரும் அன்பு என்று அதற்கு நான் பெயர் வைத்திருக்கிறேன். ஆனால் அவர் விரும்புகிறார் என்று எப்படி அறிவது? நம் பெண்கள் வாய் திறந்து சொல்வார்களா? ஒவ்வோர் ஐப்பசியும் லொறியிலிருந்து இறங்கியதும் அவர் என் வேலியடிக்கு வந்து கேட்பது ஒரே கேள்வி: "இன்னும் உசிரோடதான் இருக்கிறீங்களா?"

இதில் என்ன அன்பு என்கிறீர்களா? அருளப்புவிடம் அவர் ஒருநாளும் அதைக் கேட்டதில்லை!

இன்னொரு சான்று வைத்திருக்கிறேன். இதை எந்த வெள்ளைக்காரப் புத்தகத்திலும் காணமுடியாது. முதல் மூன்று பருவமும் என்னை அவர் "அண்ணன்" என்றுதான் அழைத்தார். "அண்ணன், நாயைக் கட்டுங்க", "அண்ணன், உப்பு இருக்கா", "அண்ணன், தள்ளி நில்லுங்க, நாறுது". நான்காம் பருவத்தில் லொறியால் இறங்கினார். வேலியடிக்கு வந்தார். "இஞ்ச பாருங்க" என்றார். நான் அண்ணன் எங்கே என்று பார்த்தேன். காணோம்! அன்று தொட்டு இன்றுவரை அண்ணன் திரும்பி வரவே இல்லை! சபையோரே, நம் ஊரில் ஒரு பெண் ஒரு ஆணை அண்ணன் என்று அழைப்பதை நிறுத்திவிட்டு, வேறு எந்த முறையும் வைக்காமல் "இஞ்ச பாருங்க" என்று மட்டும் சொல்கிறாள் என்றால், அது நூறு ஆராய்ச்சிக்குச் சமம் என்பேன். மறுப்பவர் இருந்தால் எழுந்து நிற்கலாம்.

ஒருவரும் எழவில்லை. பெண்கள் பக்கம் கைதட்டுகிறது. மூன்றாம் வரிசையில் ஒருவர் முந்தானையால் வாயை மூடுகிறார். அதையும் ஆதாரத்தில் சேர்த்துக்கொள்கிறேன்.

இனி, சென்ற வருடம் மாசியில் நடந்ததைச் சொல்ல வேண்டும். உங்களில் பாதிப்பேருக்கு இது அரைகுறையாகத் தெரியும். அரைகுறையாகத் தெரிந்தவர்கள்தான் அதிகம் சிரித்தவர்கள். முழுதாகக் கேளுங்கள்.

அனஸ்தாசியா தூரத்துக் கோயில் ஒன்றுக்குப் போய் இரவு தங்கியிருந்தார். அவருடைய தட்டிகளில் கட்டா மீன் கருவாடு, இன்னும் ஒரு நாள் வெயில் தேவை. என் தட்டிகளிலும் கட்டா கருவாடு. திடீரென்று தெற்கே கறுத்தது. மாசியில் மழையா? ஓம், மழை! என்னிடம் இருந்தது ஒரே ஒரு தறப்பாள். ஓடினேன். இந்த முழங்காலோடு ஓடினேன். தறப்பாளை விரித்தேன், இழுத்தேன், நாலு பக்கமும் கல் வைத்தேன், மூச்சு வாங்க நிமிர்ந்தேன். என் கருவாடு எதிரே நனைந்துகொண்டிருந்தது!

மறுநாள் ஹாஜியார் கருவாடு எடுக்க வந்தார். இரண்டு பக்கத்தையும் பார்த்தார்.

"என்ன சூசை, ஒங்கட சரக்கு நனஞ்சி ஈக்கி, அடுத்த ஊட்டுச் சரக்குக்கு ஒங்கட தறப்பாள் போட்டு ஈக்கி. இது என்ன யாவாரம்?"

"காற்று அந்தப் பக்கமாக அடித்தது ஹாஜியார்" என்றேன்.

"ஓ, காத்துதான்" என்றார். "எனக்கும் கலியாணத்துக்கு முந்தி அப்புடி ஒரு காத்து அடிச்ச."

தலைவர் தலையை ஆட்டுகிறார். நான் கூட்டிச் சொல்லவில்லை. ஒரு வாரம் கழித்து, வாசித்துக்கொண்டிருந்த புத்தகத்தில் ஓர் அறிஞரின் கருத்து கண்ணில் பட்டது. மனிதன் தன் மனதைத் தானே நேராகப் பார்த்து அறிவதில்லையாம். பிறர் நம்மைப் பார்த்து அறிவதுபோல, நாமும் நாம் செய்த செயலைப் பார்த்துத்தான் நம் மனதில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்கிறோமாம். புத்தகத்தை மூடினேன். என் இரண்டு கைகளையும் பார்த்தேன். முட்டாள்களே, என்னிடம் சொல்லாமல் முடிவெடுத்துவிட்டீர்களா என்று கேட்டேன். ஐந்து வருடமாக நாயைப் பற்றியும் காகத்தைப் பற்றியும் உப்பைப் பற்றியும் சண்டை பிடித்துக்கொண்டிருந்த வாய்க்குத் தெரியாத செய்தி, கைக்குத் தெரிந்திருந்தது!

பொறுங்கள், கதை முடியவில்லை. ஹாஜியார் வந்து போன அன்று பின்னேரம் அனஸ்தாசியா கோயிலால் வந்தார். தறப்பாளைத் தூக்கினார். நான் நன்றியை எதிர்பார்த்து நெஞ்சை நிமிர்த்தி நின்றேன்.

"ஆர் இதைப் பொத்தினது?"

"நான்தான்."

"அரைக் காய்ச்சல் கருவாட்டைக் காத்துப் போக இடம் விடாம இப்பிடி இறுக்கிப் பொத்தினா புழுங்காதா? நாப்பது வருசம் கருவாடு போட்ட மனுசனுக்கு இது தெரியாதா? மழை நனைச்சிருந்தாலும் ஒரு வெயிலில காஞ்சிருக்கும். நீங்க அவிச்சு வச்சிருக்கிறீங்க!"

உண்மை! முழு உண்மை! இந்தக் கரையில் கருவாட்டுப் பதத்தைப் பற்றி எவரும் என்னோடு வாதாட முடியாது என்று இறுமாந்திருந்தவன் நான். என் கருவாடு நனைந்து போயிற்று. அவர் கருவாடு புழுங்கிப் போயிற்று. ஒரு தறப்பாளால் இரண்டு வீட்டுக் கருவாட்டையும் கெடுத்த ஒரே மனிதன் இந்த மேடையில் நிற்கிறான்! நான் தலை குனிந்தேன். அப்போது ஒரு சத்தம் கேட்டது. நிமிர்ந்தேன். அனஸ்தாசியா சிரித்துக்கொண்டிருந்தார். ஆறு பருவத்தில் முதல்முறையாகச் சிரித்தார். தட்டியைப் பிடித்துக்கொண்டு, மூச்சு முட்ட, கண்ணீர் வரச் சிரித்தார்.

இதற்கும் ஆராய்ச்சி உண்டு. கெட்டிக்காரன் ஒருவன் கேள்விகளுக்கெல்லாம் சரியாகப் பதில் சொல்லிவிட்டு, கடைசியில் கோப்பியைத் தன்மேல் ஊற்றிக்கொண்டால், கேட்பவருக்கு அவனை முன்பைவிடப் பிடித்துப்போகிறதாம். அவர்கள் கோப்பியை ஊற்றினார்கள். நான் கருவாட்டை அவித்தேன். விதி ஒன்றுதான்.

இன்னும் ஒன்று, ஆடும் பாலத்து ஆராய்ச்சி. பள்ளத்தின் மேல் தொங்கி ஆடுகிற பாலத்தில் ஒரு பெண்ணைச் சந்தித்த இளைஞர்கள், உறுதியான பாலத்தில் அவளைச் சந்தித்தவர்களைவிட அதிகமாகப் பிறகு அவளுக்குத் தொலைபேசி எடுத்தார்களாம். பயத்தால் வந்த படபடப்பைக் காதல் என்று மனம் மாறி எண்ணிவிட்டதாம். இந்த ஆராய்ச்சியை எனக்கு எதிராகக் காட்டியவன் வேறு யாருமில்லை, என் மகன் ஜெயந்தன். படித்தவன். "அப்பா, போன வருசம் கரைத்தீவுக்குப் போகேக்க களப்பில வள்ளம் ஆடினது. அவவும் வள்ளத்தில இருந்தவ. உங்களுக்கு அந்தப் பயம்தான். வேற ஒண்டும் இல்லை" என்றான். மகனே, வள்ளம் ஆடியது அரை மணித்தியாலம். கரையேறி ஒரு வருடம் ஆகிறது. இன்னுமா ஆடுகிறது? வைத்தியரிடம் கூட்டிப்போனான். வைத்தியர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு, வாய்வு என்றார். வாய்வு! வேலியடியில் மட்டும் வருகிற வாய்வு!

ஜெயந்தன் அதோ தூணடியில் நிற்கிறான். அவன் என்னோடு இரண்டு வாரமாகக் கதையில்லை. அவன் நல்ல பிள்ளை. அதையும் இந்த மேடையில் சொல்கிறேன். அவன் பயந்தது ஒன்றுக்குத்தான். "ஊர் சிரிக்கும் அப்பா" என்றான். மகனே, இதோ ஊர்! ஒரு மணித்தியாலமாகச் சிரிக்கிறது! எவராவது செத்தார்களா? எனக்கு ஏதாவது குறைந்ததா? சிரிக்கிற ஊருக்குள் வாழலாம் மகனே. பேச்சு மூச்சற்ற வீட்டுக்குள்தான் வாழமுடியாது.

அவன் இன்னொன்றும் கேட்டான். மெதுவாகக் கேட்டான். "அம்மாவை மறந்திட்டீங்களா?"

இந்த ஓர் இடத்தில் மட்டும் நீங்கள் சிரிக்கவேண்டாம்.

என் மனைவி எமிலியா இறந்து பன்னிரண்டு வருடம். நான் மறக்கவில்லை. அனஸ்தாசியாவின் கணவர் யுத்தகாலத்தில், கடற்படையிடம் பாஸ் எடுத்துக் கடலுக்குப் போனவர், திரும்பி வரவில்லை; அனஸ்தாசியாவும் மறக்கவில்லை. எங்கள் சண்டைகளுக்கு நடுவே, ஒரு நாள் மீன் வெட்டிக்கொண்டிருந்தபோது, தன் கணவர் கடைசியாக உடுத்திருந்த சட்டையின் நிறத்தை அவர் எனக்குச் சொன்னார். நான் எமிலியாவின் கடைசி மாதத்தைச் சொன்னேன். எவருக்கும் சொல்லாததைச் சொன்னோம். மனதைத் திறந்து காட்டுவதால் நெருக்கம் வளரும் என்று புத்தகம் சொல்கிறது. அன்று இரண்டு பேரும் புத்தகத்தை நினைக்கவில்லை. வலை போட்ட இடத்தில் மறு வருடமும் வலை போடுகிறோம். அதனால் முதல் வருடத்து மீன் பொய்யாகிவிடுமா?

ஒத்தவர்கள்தான் ஒன்றுசேர்வார்கள் என்றும் ஒரு விதி உண்டு. எங்களுக்குள் என்ன ஒப்பு? அவர் கோப்பி, நான் தேயிலை. அவர் சிலாபம், நான் கற்பிட்டி. அவர் சிங்களத்தில் ஏசுவார், நான் தமிழில் முறைப்பேன். உப்பு அதிகம் என்பார், குறைவு என்பேன். தேடித்தேடிப் பார்த்தேன், ஒரே ஓர் ஒப்புமை அகப்பட்டது. விட்டுக்கொடுப்பது என்றால் என்னவென்று இரண்டு பேருக்கும் தெரியாது!

தோழர்களே! தாய்மாரே! காதலுக்கு மூன்று பக்கம் என்கிறார் ஓர் அறிஞர். நெருக்கம் ஒன்று, வேட்கை ஒன்று, உறுதி ஒன்று. நெருக்கத்தைக் காலம் தருகிறது. வேட்கையை, அறுபத்தேழு வயதிலும் சொல்கிறேன், கடவுள் தருகிறார், தந்தையே, மன்னியுங்கள். ஆனால் உறுதியை எவரும் தரமாட்டார். அதை நாமே வாய் திறந்து சொல்லவேண்டும். யுத்தகாலத்தில் கடலுக்குப் போகப் பாஸ் எடுத்தோம். தெருவில் போகப் பாஸ் எடுத்தோம். இன்று கடல் திறந்துவிட்டது. தெரு திறந்துவிட்டது. மனதுக்கு மட்டும் நான் இன்னும் பாஸ் எடுக்க வேண்டுமா? எந்தக் கந்தோரில்? எவருடைய கையெழுத்தோடு? வயது கையெழுத்து வைக்குமா? ஊர் கையெழுத்து வைக்குமா? இல்லை! ஒரே ஒருவர் வைக்க வேண்டும். அவர் மூன்றாம் வரிசையில் இருக்கிறார்.

அனஸ்தாசியா! சனத்துக்கு முன்னால் கேட்கிறேன். ஒலிவாங்கியில் கேட்கிறேன். நாளைக்கு அந்த லொறியில் ஏறாதீர்கள். இங்கே இருங்கள். என்னைக் கலியாணம் செய்யச் சம்மதமா?

எழுந்து நிற்கிறார். அமைதி! தயவுசெய்து அமைதி! அங்கே ஒலிவாங்கி இல்லை; அவர் சொல்வதை நானே உங்களுக்குத் திருப்பிச் சொல்கிறேன்.

"இவ்வளவு நேரம் கதைச்சீங்களே" என்கிறார். ஓம், கதைத்தேன். "பக்கத்தில வாறது, கிட்ட வாறது எண்டெல்லாம் சொன்னீங்களே." ஓம், சொன்னேன். "ஏழு வருசமா ஆர் வந்தது? நான்தானே வந்தன். நீங்க ஒருக்காவாவது அந்த வேலியத் தாண்டிச் சிலாபத்துப் பக்கம் வந்தீங்களா? ஆறு மாசம் உசிரோட இருக்கிறனா செத்தனா எண்டு ஒருக்காவாவது வந்து பாத்தீங்களா?"

இல்லை.

சபையோரே, இல்லை. இந்தக் கேள்வி என் கொப்பியில் எங்கும் இல்லை. கயிற்றை இரண்டு பக்கமும் இழுக்க வேண்டும் என்று உங்களுக்குப் பாடம் நடத்தியவன், ஏழு வருடமாக ஒரே இடத்தில் நின்றிருக்கிறேன். இது என் பிழை. ஒத்துக்கொள்கிறேன். அருளப்பு, இப்போதே நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொரு முறை பார்க்கக் கிடையாது.

இன்னும் சொல்கிறார். "நான் இஞ்ச நிக்கமாட்டன். நாளைக்கு லொறியில முன் சீற்றில ஒரு இடம் இருக்கு. நீங்க ஏறுங்க. என்ர அண்ணன் வீட்டில இருங்க. எங்கட கோயில்ல மூண்டு ஞாயிறு, கலியாணத்துக்கெண்டு எங்கட ரெண்டு பேற்ற பேரையும் வாசிக்கட்டும். ஒருத்தரும் ஆட்சேபிக்காட்டி, பிறகு ஓம் எண்டு சொல்றன்."

பெருமக்களே! அறுபத்தேழு வருடத்தில் எவர் சொல்லியும் இந்தக் கரையை விட்டு நான் அசைந்ததில்லை. யுத்தம் சொல்லியும் அசையவில்லை. வைத்தியர் சொல்லியும் அசையவில்லை. மகன் கொழும்புக்கு அழைத்தும் அசையவில்லை. விட்டுக்கொடுக்கமாட்டான் சூசை என்று இந்த ஊரே சொல்லும். சொல்லட்டும்! நான் இப்போதும் விட்டுக்கொடுக்கவில்லை. கேட்டது கிடைக்கும்வரை விடமாட்டேன் என்றுதான் லொறியில் ஏறுகிறேன்!

ஏழு மணிக்கா? ஏழு மணிக்கு. வருகிறேன்! ஆறு மணிக்கே வருகிறேன்!

என் பேச்சில் இன்னும் இரண்டு கோட்பாடு மீதம் இருக்கிறது. அவற்றை எவராவது வாசித்துக்கொள்ளுங்கள், எனக்கு வேலை வந்துவிட்டது. இவ்வளவு நேரம் சிரித்தும் கேட்டும் இருந்த உங்களுக்கு நன்றி. தலைமை தாங்கிய ஹாஜியாருக்கு நன்றி. தந்தையே, உங்கள் கையால் ஒரு கடிதம் எழுதித் தாருங்கள், சிலாபத்துப் பங்குச் சுவாமிக்கு நான் எப்படிப்பட்டவன் என்று. கொஞ்சம் நல்லதாகவே எழுதுங்கள். எல்லோருக்கும் வணக்கம், ஸலாம், சேசுவுக்குத் தோத்திரம்.

யார் அது, தூணடியில் கை உயர்த்துவது? ஜெயந்தனா? சொல் மகனே. சத்தமாகச் சொல், கேட்கவில்லை.

"அப்பா, உடுப்புப் பெட்டியில எத்தனை சாரம் வைக்கிறது?" என்கிறான்.

எல்லாவற்றையும் வை, மகனே! எல்லாவற்றையும் வை!